டக்கர், வாக்கர், ஃபுல்லர்: ஆறு நாள் பயணக் குறிப்பு

மகளின் வகுப்பில் டக்கர் என்று ஒரு பையன், வாக்கர் என்று ஒரு பெண், ஃபுல்லர் என்று இன்னொரு பையன். மூன்றும் குடும்பப் பெயர்கள். ஜூலையில் பள்ளி மூடும் முன் "உன் பெயரின் கதை" என்று ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். அவளுக்கு உதவ உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், மூன்று பெயருக்கும் ஒரே பொருள். நெய்து வந்த கம்பளித் துணியைத் தண்ணீரில் போட்டு மிதித்து, சுருக்கி, திண்ணமாக்குகிறவர். இங்கிலாந்தின் தென்மேற்கில் அவர் டக்கர், தென்கிழக்கில் ஃபுல்லர், வடக்கே போனால் வாக்கர்.

வாக்கர் என்றால் நடக்கிறவர் என்றுதான் பத்து வருடமாக நினைத்திருந்தேன். கோடை விடுமுறைக்கு எங்காவது கடற்கரைக்குப் போகலாம் என்றிருந்த திட்டத்தை மாற்றி, இந்த மூன்று பெயரும் பிறந்த பக்கமெல்லாம் போய்ப் பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கணவருக்குப் பெரிய விருப்பமில்லை. ஆனாலும் வண்டியை எடுத்தார்.

ஆகஸ்ட் 9, புதன். எக்ஸிட்டர்

ரெட்ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நான்கு மணி நேரம் என்று கிளம்பினோம். ஸ்டோன்ஹெஞ்ச் பக்கம் ஏ303 சாலை குறுகும் இடத்தில் மாட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. கட்டி எடுத்து வந்த புளியோதரை அங்கேயே காலி.

எக்ஸிட்டரில் இறங்கியதும் தூறல். தங்கும் விடுதிக்கு ஓர் இரவுக்கு 95 பவுண்டு, காலை உணவு சேர்த்து. விடுதிக்காரம்மா எங்கள் ஈரக் காலணிகளைக் கேட்டு வாங்கி, உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, கொதிகலன் பக்கத்தில் வைத்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை.

சாயங்காலம் எக்ஸ் ஆற்றின் படித்துறைக்கு நடந்தோம். 1680-81இல் கட்டிய துறைமுகச் சுங்க அலுவலகம் இன்னும் நிற்கிறது. அந்தக் காலத்தில் இந்த ஊர் உலகுக்கு ஏற்றியது செர்ஜ் என்ற கம்பளித் துணி. 1698இல் சீலியா ஃபைன்ஸ் என்ற பெண்மணி குதிரையிலேயே ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு இங்கும் வந்து, பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். துணியை முதலில் சிறுநீரில் ஊறவைப்பார்களாம். அப்புறம் சோப்புப் போட்டு ஆலையில் இடிக்கக் கொடுப்பார்களாம். பெரிய பற்கள் மாதிரி வெட்டிய மரக்கட்டைகள் துணியை இழுக்கிற வேகத்தில், பக்கத்தில் நிற்பவரின் ஆடை நுனி சிக்கினால் ஆளையே உள்ளே இழுத்துவிடும் என்கிறார். இடித்து முடித்த துணியைக் காயவைக்க ஊரைச் சுற்றியிருந்த வயல்களெல்லாம் சட்டங்களாக இருந்தனவாம். அந்தச் சட்டத்துக்கு இங்கே ரேக் என்று பெயர். ரேக் ஸ்ட்ரீட் என்று ஒரு தெருப் பலகை மட்டும் இப்போது இருக்கிறது. சட்டம் ஒன்றுகூட இல்லை. பலகைக்குக் கீழே நிற்க வைத்து மகளைப் படம் எடுத்தேன்.

ஆகஸ்ட் 10, வியாழன். டக்கர்ஸ் ஹால்

ஃபோர் ஸ்ட்ரீட் என்ற ஏற்றமான கடைத்தெருவில், கடைகளுக்கு நடுவே ஒதுங்கி நிற்கிறது டக்கர்ஸ் ஹால். 1471இல் கட்டியது. நெசவாளர், துணி மிதிப்பவர், துணியின் மேல்மயிரைக் கத்தரிப்பவர் ஆகிய மூன்று தொழில்காரர்களும் சேர்ந்த சங்கத்தின் மண்டபம். சங்கம் இன்றும் இருக்கிறது. நெசவு போய்விட்டது, தருமகாரியங்கள் செய்கிறார்கள்.

அனுமதி இலவசம். உள்ளே போனதும் கண் பழகச் சிறிது நேரம் பிடித்தது. கருத்துப்போன ஓக் மரப் பலகைகள் சுவர் முழுக்க. அந்தப் பலகைவேலை 1630களில் செய்ததாம். மேலே பார்த்தால் கவிழ்த்து வைத்த படகு மாதிரி கூரை. முதலில் இது சங்கத்தின் தேவாலயம். பதினாறாம் நூற்றாண்டின் மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு குறுக்கே தளம் போட்டு மேலும் கீழுமாகப் பிரித்துவிட்டார்கள். அதனால் கூரை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றுகிறது.

காவலுக்கு இருந்த பெரியவர் டக்கர் என்ற பெயரின் வேரைச் சொன்னார். பழைய ஆங்கிலத்தில் "டூகியன்" என்றால் வதைப்பது. துணியை வதைப்பவர் டக்கர். இழுத்து, அடித்து, மிதித்து எடுக்கிற வேலைக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. இந்தப் பக்கத்தில் டக்கிங் மில் என்று இடப்பெயர்களும் உண்டு, கார்ன்வாலில் ஓர் ஊருக்கே டக்கிங்மில் என்றுதான் பெயர் என்றார்.

பேச்சுவாக்கில் அவர் மகளிடம் கேட்டார், "உன் குடும்பப் பெயருக்கு என்ன பொருள்?"

அவள் என்னைப் பார்த்தாள். வீட்டுப்பாடத் தாளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நான் சொன்னேன்: அது குடும்பப் பெயரே இல்லை, அவள் அப்பாவின் பெயர். அவருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று இருப்பது அவருடைய அப்பாவின் பெயர். என்னுடையதில் என் அப்பாவின் பெயர். ஒரு வீட்டில் மூன்று பேர், மூன்று கடைசிப் பெயர். விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டும்.

பெரியவர் வியப்போடு கேட்டார், "அப்படியானால் தாத்தாவின் தொழில் பெயரில் வராதா?"

வராது என்றேன். எங்கள் ஊரில் பெயருக்குப் பின்னால் தொழிலைப் போட்டால் சாதியைப் போட்டதாகிவிடும் என்பதையும், அதை வேண்டாமென்று ஒரு தலைமுறையே கழற்றி வைத்தது என்பதையும் சொன்னேன். என் தாத்தா பெயரின் வால் என் அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் கிடையாது. தாத்தா வேண்டுமென்றே எழுதாமல் விட்டது அது. பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகளிடம் சொன்னார், "அதை அப்படியே எழுது. அதுவும் கதைதான்."

மதியம் டெவன் க்ரீம் டீ. ஸ்கோன், கெட்டி க்ரீம், ஸ்ட்ராபெரி ஜாம், ஒரு பாத்திரம் தேநீர், ஆளுக்கு 9 பவுண்டு. மகள் ஜாமை முதலில் தடவப் போனாள். பரிமாறிய பெண் ஓடிவந்து தடுத்தார். டெவனில் க்ரீம்தான் அடியில், ஜாம் மேலே. மாற்றிச் செய்வது கார்ன்வால்காரர்களாம். கடையிலிருந்த எல்லோரும் அவள் சரியாகத் தடவுகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 11, வெள்ளி. சாலையிலும் சலவைக் கடையிலும்

வெள்ளிக்கிழமையில், அதுவும் ஆகஸ்டில், எம்5இலும் எம்6இலும் வடக்கே போகக் கூடாது. ஒன்பது மணி நேரம். பர்மிங்ஹாமைத் தாண்டவே மூன்று மணியாகிவிட்டது. சாலையோர நிறுத்தத்தில் மூன்று காபி, இரண்டு சாண்ட்விச்சுக்கு 24 பவுண்டு. அங்கே மழையில் ஓடியபோது மகள் சேற்றில் விழுந்து, போட்டிருந்த நீலக் கம்பளி ஸ்வெட்டரோடு நனைந்தாள்.

லங்காஷயரில் ராட்டன்ஸ்டால் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். சலவைக் கடை மூட ஒரு மணி நேரம் இருந்தது. களைப்பில் நான் எல்லாத் துணியையும் ஒன்றாக அள்ளி, 60 டிகிரியில் போட்டு, பிறகு சூடான உலர்த்தியிலும் போட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது ஸ்வெட்டர் பொம்மைக்குத் தைத்தது மாதிரி இருந்தது. கை வைத்துப் பார்த்தால் அட்டை. பின்னலின் கண்கள் மறைந்து ஒரே பரப்பாகிவிட்டது. அவளுக்கு மிகப் பிடித்த ஸ்வெட்டர், போன குளிர்காலத்தில் 32 பவுண்டுக்கு வாங்கியது. அவள் அழுதாள். என் தவறு, எனக்கும் தாங்கவில்லை.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா தன் பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். "எல்லோருக்கும் ஒரு தடவை நடக்கும், லவ்" என்றார். இந்தப் பக்கத்தில் முன்பின் தெரியாதவரையும் "லவ்" என்றுதான் அழைக்கிறார்கள். பேருந்து ஓட்டுநரும் அப்படித்தான், காய்கறிக் கடைக்காரரும் அப்படித்தான்.

ஆகஸ்ட் 12, சனி. ஹெல்ம்ஷோர்

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு நாளைத்தான் திரும்ப வாழலாம் என்றால் இதைத்தான் கேட்பேன்.

ஹெல்ம்ஷோர் ஒரு பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் பச்சைக் குன்று, நடுவே ஓடை, ஓடைக்கரையில் கல் கட்டடங்கள். அதில் ஹையர் மில் என்பது 1789இல் துணி இடிப்பதற்கென்றே கட்டிய ஆலை. 1967 வரை ஓடியிருக்கிறது. இப்போது அருங்காட்சியகம்.

உள்ளே ஈரமும் பழைய மரமும் கலந்த வாசனை. வழிகாட்டும் அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். மதகைத் திறந்ததும் நீர்ச்சக்கரம் முனகிக்கொண்டு மெதுவாக நகர்ந்தது. அடுத்து தடால், தடால் என்று ஒரு சத்தம், தரை அதிர்ந்தது. அடி வளைந்த ஒரு பெரிய மரத்தொட்டி. அதற்குள் ஆள் கனத்துக்கு மேலிருக்கும் இரண்டு மரச் சம்மட்டிகள், ஒன்று ஏறினால் ஒன்று இறங்குகிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள், அதே தாளம். சம்மட்டியின் முகம் படிப்படியாக வெட்டியிருப்பதால் ஒவ்வொரு அடிக்கும் துணி கொஞ்சம் கொஞ்சமாகப் புரண்டு திரும்புகிறது. ஒரே இடத்தில் அடி விழுந்து கிழியாமல் இருக்க அந்த ஏற்பாடு. எக்ஸிட்டரில் அந்த 1698ஆம் வருடத்துப் பெண்மணி பார்த்த பற்கள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

இந்தச் சம்மட்டிகள் வருவதற்கு முன் மனிதக் கால்கள்தான். தொட்டியில் துணியைப் போட்டு, தண்ணீரும் களிமண்ணும் பழைய சிறுநீரும் ஊற்றி, மணிக்கணக்கில் மிதிப்பார்கள். சிறுநீர் பழசானால் அதில் அம்மோனியா வரும், அது கம்பளியின் எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கும். வடக்கில் அந்தச் சிறுநீருக்கு லாண்ட் என்றே தனிப் பெயர் உண்டு. வீடு வீடாக வாளி வைத்துச் சேகரிப்பார்கள், மது தொடாத மெத்தடிஸ்ட் என்ற கிறித்தவப் பிரிவினர் வீட்டுச் சரக்குக்கு ஒரு காசு கூடுதல் என்று ஊரில் ஒரு கதை உலவுவதாக அந்த அம்மா சொன்னார்.

வாக்கர் என்ற பெயர் இந்த மிதியிலிருந்து வந்தது. "வாக்" என்ற சொல்லுக்கே பழைய ஆங்கிலத்தில் உருட்டு, புரட்டு என்றுதான் பொருள். நடப்பது என்ற பொருள் பின்னால் ஏறியது. இன்றைக்கு இங்கிலாந்தில் மிகுதியாக இருக்கும் முதல் இருபது குடும்பப் பெயர்களுக்குள் வாக்கர் வந்துவிடும். அத்தனை பேரின் முன்னோர் யாரோ ஒருவர் முழங்கால் வரை அந்தத் தொட்டியில் நின்றிருக்கிறார்.

கேட்கக் கேட்க என்னை உறுத்திய விஷயம் ஒன்று. தண்ணீரில் ஓடும் துணி இடிக்கும் ஆலைகள் இங்கிலாந்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. 1185இல் டெம்ப்ளர் துறவு வீரர்கள் எடுத்த சொத்துக் கணக்கில் அவை பதிவாகியிருக்கின்றன. சாதாரண மக்களுக்குக் குடும்பப் பெயர் நிலைத்தது பெரும்பாலும் அதற்கு அடுத்த இருநூறு ஆண்டுகளில். வரி எழுத வந்த குமாஸ்தாவுக்கு ஊரில் பத்து ஜான் இருந்தால் எந்த ஜான் என்று தெரிய வேண்டும். துணி மிதிக்கும் ஜான், ஜான் வாக்கர் ஆனான். ஆனால் அந்தக் காலத்திலேயே பல ஊர்களில் மிதிக்கும் வேலையைத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தது. கால்கள் தொட்டியை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த அதே சமயத்தில் அந்தக் கால்களின் பெயர் பிள்ளைகள் மேல் ஒட்டி, எண்ணூறு வருடத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மகள் தன் பையிலிருந்து அந்த ஸ்வெட்டரை எடுத்துவிட்டாள். விட்டுவர மனமில்லாமல் கூடவே கொண்டுவந்திருக்கிறாள். வழிகாட்டும் அம்மா அதை வாங்கி, இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். ஜன்னலுக்கு நேரே பிடித்தார், வெளிச்சம் ஊடுருவவில்லை. கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு, சூடும் ஈரமும் அடியும் சேர்ந்தால் செதிலோடு செதில் கோத்துக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது என்றார். "இந்தத் தொட்டி செய்கிற வேலையைத்தான் அந்த இயந்திரம் செய்திருக்கிறது" என்று சொல்லி, உடன் இருந்த இன்னொரு தன்னார்வலரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். நேற்று அழுத பெண் இன்று அவர்களுக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்தி நின்றாள்.

திரும்பும் வழியில் ராட்டன்ஸ்டாலில் ஃபிட்ஸ்பாட்ரிக்ஸ் என்ற கடைக்குப் போனோம். மதுவிலக்கு இயக்கம் நடந்த காலத்து பார், மதுவே கிடையாது, மரப் பெட்டிகளில் மூலிகைகள். சார்சபரில்லா கேட்டோம். ஒரு வாய் குடித்ததும் கணவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நன்னாரி சர்பத்! கொஞ்சம் கசப்புக் கூடுதல், எலுமிச்சை இல்லை, மற்றபடி அதே வாசனை. பயணம் தொடங்கியதிலிருந்து அவர் முகத்தில் முதல் முழுச் சிரிப்பு அப்போதுதான்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு. ஹாலிஃபாக்ஸ்

குன்றுகளைத் தாண்டி யார்க்‌ஷயர். மழை, பிறகு வெயில், மறுபடி மழை.

ஹாலிஃபாக்ஸின் பீஸ் ஹால் 1779 ஜனவரி 1 அன்று திறந்தது. வீட்டிலே நெய்தவர்கள் துணியைத் தோளில் சுமந்துவந்து விற்ற சந்தை. நான்கு பக்கமும் தூண் வரிசை, 315 அறைகள், நடுவே பெரிய கல் முற்றம். ஒரு "பீஸ்" என்பது சுமார் முப்பது கெஜத் துணி. புதுப்பித்து 2017இல் மறுபடி திறந்திருக்கிறார்கள். முற்றத்தின் ஓரத்தில் ஆன் லிஸ்டரின் சிலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஷிப்டன் ஹாலில் வாழ்ந்து, லட்சக்கணக்கான சொற்களில் நாட்குறிப்பு எழுதிய பெண். லிஸ்டர் என்றால் சாயம் தோய்ப்பவர். ஆக, துணிச் சந்தையின் நடுவே ஒரு சாயக்காரர் பெயர்.

அங்கிருந்து கிபெட் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தோம். இடித்த துணி உலரும்போது சுருங்காமல் இருக்க டென்டர் என்ற மரச் சட்டத்தில் கொக்கிகளால் இழுத்து மாட்டி வெட்டவெளியில் விடுவார்கள். இருப்புக்கொள்ளாமல் தவிப்பதற்கு ஆங்கிலத்தில் "டென்டர்ஹுக்கில் இருப்பது" என்று சொல்வது இந்தக் கொக்கியை வைத்துத்தான். இரவெல்லாம் குன்றின் மேல் துணி கிடந்தால் திருடுவது எளிது. அதனால் இந்த ஊரில் பதின்மூன்றரைப் பென்ஸ் மதிப்புக்குத் திருடினாலே தலையை வெட்டினார்கள். அதற்கென்றே கோடாரிக் கத்தி மேலிருந்து விழும் ஒரு மரக் கருவி, அதன் பெயர்தான் கிபெட். பிரான்சின் கில்லட்டினுக்கு வெகு முன்பே வந்தது. கடைசியாக அதில் இருவர் இறந்தது 1650இல். அவர்கள் திருடியவற்றில் ஒன்று 16 கெஜம் கம்பளித் துணி. இப்போது நிற்பது மாதிரிக் கருவிதான். என்றாலும் அதன் கீழே நிற்க எனக்கு மனம் வரவில்லை. பதினாறு கெஜம் என்றால் மூன்று புடவைக்குக் கொஞ்சம் குறைவு.

இரவுச் சாப்பாட்டுக்கு மீனும் சிப்ஸும் விற்கும் கடை. கணவர் சைவம், எனவே சிப்ஸ் மட்டும் கேட்டார். கல்லாவிலிருந்த பையன் எங்களைப் பார்த்துத் தானாகவே சொன்னான், "மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறோம், உங்களுக்குப் பரவாயில்லையா?" யார்க்‌ஷயரில் அதுதான் வழக்கமாம். எண்ணெயில் பொரிக்கும் கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது என்று வாசலுக்கு வந்து வழி காட்டினான். தனக்கு வரவேண்டிய 15 பவுண்டை அவனே அடுத்த கடைக்கு அனுப்பிவைத்தான்.

ஆகஸ்ட் 15, செவ்வாய். நட்ஃபீல்ட்

நேற்று முழுவதும் சாலை, இரவு வீடு. மீதியிருந்தது ஃபுல்லர்.

அதற்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் ரெட்ஹில்லுக்கும் பக்கத்து நட்ஃபீல்டுக்கும் நடுவே இருக்கும் நிலம்தான், நூற்றாண்டுகளாக ஃபுல்லர்ஸ் எர்த் தோண்டிய இடம். துணி மிதிப்பவர்கள் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் போட்ட களிமண் இது. ஃபுல்லர் என்ற சொல் லத்தீனின் "ஃபுல்லோ"விலிருந்து வந்தது, ரோமானியர்களும் இதே மாதிரி தொட்டியில் மிதித்தவர்கள். பதினேழாம் நூற்றாண்டில் இந்த மண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பவே இங்கிலாந்தில் தடை, அயல்நாட்டு நெசவாளர் கைக்குப் போய்விடும் என்ற பயம். இருபதாம் நூற்றாண்டு முடியும்போது தோண்டுவது நின்றது. இப்போது புல், குட்டைகள், வாத்துகள். வாரம் இரண்டு தடவை நான் காரில் கடக்கும் இடம்.

சேறு பூட்ஸில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் கனத்தது. மகள் அதை விரலால் தேய்த்துப் பார்த்து, "அம்மா, இது உன் முகத்துக்குப் பூசுகிற மண் மாதிரி இருக்கிறது" என்றாள். சரியாகச் சொன்னாள். குளியலறை அலமாரியில் இருக்கும் முல்தானி மிட்டி, ஆங்கிலத்தில் அதே ஃபுல்லர்ஸ் எர்த்தான். அம்மா ஊரிலிருந்து ஒவ்வொரு முறையும் கொடுத்தனுப்பும் பொட்டலம். முல்தானின் பெயர் தாங்கிய மண், சென்னை வழியாக, ஃபுல்லர் மண் தோண்டிய ஊருக்கே வந்து சேர்ந்திருக்கிறது. என் முகத்தின் எண்ணெயை எடுப்பதும் அன்று கம்பளியின் எண்ணெயை எடுத்ததும் ஒரே குணம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கத்தரிக்கோல் கேட்டாள். செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது டக்கருக்கும் வாக்கருக்கும் ஃபுல்லருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுக்க வேண்டுமாம். ஸ்வெட்டரின் முதுகுப் பக்கத்தில் சாக்பீஸால் மூன்று சதுரம் வரைந்தாள். பின்னிய துணியை நடுவில் வெட்டினால் சரசரவென்று கண் கண்ணாகக் கழன்று வருமே என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் வெட்டிவிட்டு ஓரத்தை நகத்தால் நெருடிப் பார்த்தாள். ஓர் இழைகூடப் பிரியவில்லை.